பத்மஸ்ரீ அனிதா: தொழில்முறை லீக் இல்லாத நாட்டில் 18 ஆண்டுகள் ஆடிய கூடைப்பந்து வீராங்கனை

இந்திய மகளிர் கூடைப்பந்து அணியில் 18 ஆண்டுகள் ஆடி, அதன் தலைவராகவும் விளங்கியவர் சென்னையைச் சேர்ந்த பி. அனிதா. அனிதா பால்துரை என்ற பெயராலும் அறியப்படும் இவருக்கு 2021-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் குடியரசு தினத்தையொட்டி வெளியான பத்ம விருதுப் பட்டியலில் விளையாட்டுத் துறையிலிருந்து ஏழு பேர் இடம்பெற்றனர். தமிழகத்தின் அனிதாவும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் நடைபெற்ற விழாவில் விருதுகள் வழங்கப்பட்டன.

அர்ஜுனா விருது பெறாமலேயே பத்மஸ்ரீ பெற்றவர் என்பது அனிதாவின் தனிச்சிறப்பு. கிரிக்கெட், பாட்மிண்டன் போன்ற விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்காத ஒரு விளையாட்டில், ஒரு பெண் இத்தனை ஆண்டுகள் நீடித்தது எவ்வாறு என்ற கேள்விக்கு அவரது விளையாட்டு வாழ்க்கை விடையளிக்கிறது.

தொடக்கம்

1985-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று பிறந்த அனிதா, பள்ளிப் பருவத்தில் தடகளத்திலும் கைப்பந்திலும் ஆர்வம் கொண்டிருந்தார். பின்னர் கூடைப்பந்துக்கு மாறினார். 2000-ஆம் ஆண்டு முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். இளம் வயதிலேயே அணித் தலைவர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஒன்பது ஆசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் போட்டிகளில் பங்கேற்ற முதல் இந்திய வீராங்கனை என்ற பெருமையும், தேசிய அளவிலான போட்டிகளில் 30 பதக்கங்கள் வென்றவர் என்ற சிறப்பும் அவருக்கு உண்டு.

மூவர் கூடைப்பந்தில் தங்கம்

ஐவர் ஆடும் வழக்கமான கூடைப்பந்தில் ஆசிய அளவில் சீனா, ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகளே நீண்டகாலமாக ஆதிக்கம் செலுத்தி வந்தன. இந்தியப் பெண்கள் முத்திரை பதித்தது மூவர் கூடைப்பந்தில்தான். பாதி ஆடுகளத்தில், ஒரே கூடையில், அணிக்கு மூவர் ஆடும் இந்த வடிவத்தில் ஆட்டம் பத்து நிமிடங்கள் மட்டுமே நீடிக்கும். அதற்குள் 21 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வென்றதாக அறிவிக்கப்படும். மாற்று வீராங்கனையாக ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த வடிவம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இலங்கையில் 2011-இல் நடைபெற்ற தெற்காசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டி, சீனாவின் ஹையாங் நகரில் 2012-இல் நடைபெற்ற ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டி, கத்தார் தலைநகர் தோஹாவில் 2013-இல் நடைபெற்ற ஆசிய மூவர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் ஆகிய மூன்றிலும் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றது. இவ்வெற்றிகளைத் தந்த தலைமுறையின் முன்னணி வீராங்கனை அனிதா.

பெங்களூரு வெற்றி

2017-ஆம் ஆண்டு ஜூலையில் மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டிகள் பெங்களூருவில் நடைபெற்றன. முதல் பிரிவுக்குத் திரும்ப வேண்டுமெனில் கோப்பையை வென்றே ஆக வேண்டிய நிலையில் இந்திய அணி இருந்தது. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற புள்ளிக்கணக்கில் வீழ்த்தி இந்தியா முதல் பிரிவுக்கு முன்னேறியது. அப்போது 32 வயதை எட்டியிருந்த அனிதா, தாயான பின்னர் மீண்டும் களத்துக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுடன் அவரது சர்வதேச ஆட்டம் நிறைவுற்றது.

ரயில்வே வேலை என்ற அடித்தளம்

அனிதா ஆடிய காலத்தில் இந்தியாவில் பெண்களுக்கென நிலையான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் எதுவும் இல்லை. அவருக்கு வாழ்வாதாரம் அளித்தது தெற்கு ரயில்வே பணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு அனுமதி என்ற இந்த ஏற்பாடே பல தலைமுறை வீராங்கனைகளைக் களத்தில் தக்கவைத்தது. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் ரயில்வே அணி பல ஆண்டுகள் கோலோச்சியதற்கும் இதுவே காரணம்.

அதே 1985-இல் கேரளத்தில் பிறந்த கீத்து அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தவரே. ஆறடி இரண்டு அங்குல உயரமுடைய கீத்து, ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கின் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். ஆயினும் அந்த லீக்கில் ஆடும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

அமெரிக்கக் கல்லூரி வழி

அமெரிக்காவில் ஒரு வீராங்கனையின் பாதை கல்லூரியில் தொடங்குகிறது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அங்கு 1972-இல் இயற்றப்பட்டது. விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டிய கட்டாயம் கல்லூரிகளுக்கு அதனால் ஏற்பட்டது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1982 முதல் மகளிர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்பை நடத்தி வருகிறது. அதன் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட மகளிர் அணிகள் உள்ளன. ஓர் அணி 15 பேருக்கு முழுக் கல்வி உதவித்தொகை வழங்க அண்மைக்காலம் வரை விதிகள் இடமளித்தன.

இந்த ஏற்பாட்டின் உச்சமாகத் திகழ்பவர் கெய்ட்லின் கிளார்க். அயோவா பல்கலைக்கழகத்துக்காக நான்கு பருவங்களில் 3,951 புள்ளிகள் குவித்தார். 2024 மார்ச்சில், ஆடவர் பிரிவில் பீட் மராவிச் வைத்திருந்த 3,667 புள்ளிகள் என்ற சாதனையையும் அவர் கடந்தார். அவ்வாண்டு இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்களின் எண்ணிக்கை, ஆடவர் இறுதி ஆட்டத்துக்கான எண்ணிக்கையை விஞ்சியது. ஆயினும் தொழில்முறை லீக்கில் அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட முதலாண்டு ஊதியம் சுமார் 76,500 டாலர் மட்டுமே. அமெரிக்காவிலும் ஊதிய இடைவெளி நீடிப்பதை இது காட்டியது.

இந்தியப் பெண்களுக்கும் இந்த வழி மெல்லத் திறந்து வருகிறது. 2010-இல் உதவித்தொகை பெற்று ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்ற கவிதா அகுலா, பின்னர் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். பெங்களூருவைச் சேர்ந்த சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்திலும், ஹர்சிம்ரன் கவுர் சான் டியேகோ பல்கலைக்கழகத்திலும் இடம்பெற்றனர்.

இரு பாதைகளுக்கும் இடையிலான வேறுபாடு காலக்கணக்கிலும் வெளிப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைக்கு வழக்கமாக நான்கு பருவங்கள் வாய்க்கின்றன. அதற்குள் பட்டமும், திறமையிருந்தால் தொழில்முறை ஒப்பந்தமும் கிடைக்கும். ரயில்வே வேலையின் துணையுடன் அனிதா 18 ஆண்டுகள் ஆடினார். நாட்டின் கவனம் விருது வடிவில் அவரை வந்தடைந்தபோது, அவர் சர்வதேசக் களத்திலிருந்து விடைபெற்று மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.