அகத்தியர் மலையில் ஒரு ஆய்வுக்கூடம்

"வானியலில் ஆராய்ச்சி பண்ணணுமா? பெங்களூருக்கோ புனேவுக்கோ போயிரு!" நெல்லையில் இயற்பியல் படிக்கிற பலரும் கேட்ட அறிவுரை இது. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நம்ம தாமிரபரணி பிறக்கிற மலையிலேயே 1855-ல் ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது தெரியுமா?

சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். 1852-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரவுன். பூமியின் காந்தத்தைக் கடலோரத்திலும் மலை உச்சியிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது 6,000 அடிக்கும் உயரமான அகத்தியர் மலை. கருவிகளைக் காட்டு வழியே மேலே ஏற்றினார்கள். குளிரிலும் காற்றிலும் மலைமேல் உட்கார்ந்து உதவியாளர்கள் காந்த ஊசியின் அசைவைக் குறித்தார்கள்.

காந்தத்துக்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம்? பூமியின் காந்த விசை சுமார் 26 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதையும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது என்பதையும் தன் நீண்டகால அளவீடுகளிலிருந்து கண்டுசொன்னவர் இதே புரவுன்தான். தொலைநோக்கியே இல்லாமல், ஒரு ஊசியை வைத்துச் சூரியனைப் படித்திருக்கிறார்!

அந்த வேலை இன்றும் நம்மூரில் நடக்கிறது. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த ஊசி ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டின் மேல் செல்கிறது. அந்தக் கோட்டை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் பலமான மின்னோட்டம் பாய்கிறது. சூரியனில் புயல் அடித்தால் அதுவும் ஆடும். அதை அளக்க இந்த இடம் ரொம்பத் தோது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். எம்.எஸ்ஸி. முடித்து, வெளியூர் போக முடியாதவர்களுக்கு எம்.ஃபில். ஒரு வாசலாக இருந்தது. வீட்டிலிருந்தே ஓராண்டு ஆராய்ச்சி பழகலாம். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. முனைவர் பட்டம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பல வருடம் ஒதுக்க எல்லோராலும் முடியுமா?

மிச்சமிருப்பது எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட் மட்டும்தான். அதை ஒப்புக்குச் செய்து பைண்டிங் போட்டு வைக்காமல், மேலே உள்ள வானத்தைப் பற்றிச் செய்யலாமே! மலைமேல் ஊசியைப் பார்த்துக் குறித்தவர்களுக்கு யாரும் பட்டம் தரவில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது ஆராய்ச்சிதான், இல்லையா?