முதுகுக்கு ஒரு நாற்காலி

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. தாமஸ் வாரன் 1849-இல் வடிவமைத்தது. அது சுழலும், சாயும்; இருக்கைக்கு அடியிலிருந்த எஃகு ஸ்பிரிங்குகள் உடல் அசைந்த பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தன. ஆனால் அலுவலகங்களில் அதன்பின் நெடுங்காலம் நாற்காலி பதவியின் அடையாளமாகவே இருந்தது. முதலாளிக்கு உயரமான தோல் சாய்மானம். முதுகொடிய எழுதியவருக்கோ வெறும் மரப்பலகை.

முதுகின் பக்கம் நின்று பேசியவர்கள் மருத்துவர்கள். 1948-இல் ஸ்வீடனின் பெங்க்ட் ஓகெர்ப்ளூம், சாய்மானம் இடுப்பின் உள்வளைவைத் தாங்க வேண்டும் என்றார். 1960-களில் அதே நாட்டின் ஆல்ஃப் நாகெம்சன், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். சாய்மானமின்றி உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் கூடியது. பின்னாளைய அளவீடுகள் இந்த வேறுபாட்டைக் குறைத்துக் காட்டினாலும், நாற்காலி வடிவமைப்பின் திசையை மாற்றியது அந்த ஊசிதான்.

அமெரிக்காவில் வடிவமைப்பாளர் பில் ஸ்டம்ப் மருத்துவ வல்லுநர்களுடன் சேர்ந்து உட்காரும் முறையை ஆராய்ந்தார். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1976-இல் அவருடைய ‘எர்கான்’ நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் டான் சாட்விக்குடன் அவர் உருவாக்கிய ‘ஏரான்’ பஞ்சு மெத்தையை விட்டு வலைத்துணிக்கு மாறியது. மூன்று அளவுகளில் வந்தது. பதவிக்கேற்ப அல்ல, உடலுக்கேற்ப அளவு! பெரிய மாற்றம் அதுதான்.

நாள்பட்ட முதுகுவலியோடு கடைக்குப் போனால், விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். பாதம் தரையில் பதிகிறதா, இடுப்பு வளைவில் தாங்கல் படுகிறதா என்று கவனியுங்கள். வாங்கிய பிறகும் அவ்வப்போது எழுந்து நடங்கள்.