நள்ளிரவில் ஓடிய வேலை: நெட்வொர்க் பேக்கப் தானியங்கியான வரலாறு

1979 ஜனவரியில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் மூன்று சிறிய நிரல்கள் இருந்தன. கோப்புகளைத் திரட்டிக் காந்த நாடாவில் எழுதுவது ‘டார்’. ஒரு வட்டின் கோப்பமைப்பை முழுவதுமாக நாடாவுக்கு மாற்றுவது ‘டம்ப்’. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தெழுந்து, அட்டவணையைப் பார்த்து, நேரம் வந்துவிட்ட வேலையைத் தொடங்கி வைப்பது ‘கிரான்’. இம்மூன்றையும் இணைத்துவிட்டால் ஆள் தேவைப்படாத பேக்கப் கையில் வந்துவிட்டது என்றே தோன்றும்.

உண்மையில் அப்போது தீர்ந்தது பாதிச் சிக்கல்தான். பேக்கப்பை உரிய நேரத்தில் தொடங்குவதற்கு வழி சீக்கிரமே கிடைத்தது. தொடங்கிய வேலை கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்குத்தான் நாற்பது ஆண்டுகள் ஆகியும் முழு விடை கிடைக்கவில்லை. ஆபரேட்டர் ஒருவர் அருகில் நின்று நாடாவை மாற்றிய காலத்தில் பழுது அவர் கண்ணில் பட்டது. வேலை இயந்திரத்தின் பொறுப்புக்குப் போனதும் அந்தப் பார்வையும் இல்லாமல் போனது. அந்த இடத்தை நிரப்ப என்னென்ன செய்யப்பட்டன என்பதே இக்கட்டுரையின் தேடல்.

நிலை எண்களின் கணக்கு

டம்ப் நிரல் வேலையை 0 முதல் 9 வரையான நிலைகளாகப் பிரித்தது. நிலை 0 என்றால் எல்லாவற்றையும் எழுது. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும், தன்னைவிடச் சிறிய எண் கொண்ட கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எழுதும். எந்த இரவில் எந்த எண் என்பதை நிர்வாகியே முடிவு செய்தார்.

டம்ப்பின் கையேடு இதற்கு ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது: முழு பேக்கப்புக்குப் பிறகு 3, 2, 5, 4, 7, 6, 9, 8 என்று ஏறி இறங்கும் எண்கள். ஹனோய் கோபுரப் புதிரின் சாயலில் அமைந்த இந்த வரிசை குழப்பமாகத் தெரிந்தாலும் அதில் தெளிவான நோக்கம் உண்டு. முதல் இரவு நிலை 3 எழுதிய மாற்றங்களை மறுநாள் நிலை 2 மீண்டும் எழுதுகிறது. நிலை 5 எழுதியதை நிலை 4 மீண்டும் எழுதுகிறது. ஆக, ஒரு மாற்றம் பெரும்பாலும் இரண்டு நாடாக்களில் பதிவாகிவிடும். ஒரு நாடா கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். பழுது வரும் என்பதை முன்கூட்டியே எண்ணி அட்டவணைக்குள் வைத்த தொடக்ககால ஏற்பாடுகளில் இது ஒன்று.

நெட்வொர்க் பரவியபோது கணக்கு சிக்கலானது. 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில், வேறொரு கணினியில் பொருத்தப்பட்ட நாடா இயக்கிக்கு நெட்வொர்க் வழியாக எழுதும் வசதி கிடைத்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனி இயக்கி வாங்க வேண்டிய தேவை போனது. ஆனால், கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒன்று தாமதித்தால் மற்றவை காத்திருந்தன. இரவு போதாமல் விடிந்த பின்னும் வேலை ஓடியது.

கிரான் பார்க்காதவை

கிரானும் இதற்கிடையில் வளர்ந்தது. தொடக்கத்தில் கணினி முழுவதற்கும் ஒரே அட்டவணைதான். நிமிடந்தோறும் அதை முழுவதுமாகப் படிப்பது நூறு பேர் பயன்படுத்தும் கணினிக்குச் சுமையாகும் என்பதால், அடுத்து வரும் வேலையின் நேரத்தைக் கணக்கிட்டு அதுவரை உறங்கும் முறையை பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். 1987-இல் பால் விக்ஸி எழுதி இலவசமாக வெளியிட்ட கிரான், யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பரவலாக வேரூன்றியது.

எந்த வடிவத்திலும் கிரானின் பொறுப்பு தொடங்கி வைப்பதோடு முடிந்தது. நேற்றைய பேக்கப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை; நேரம் வந்தால் இன்றையதையும் கிளப்பிவிடும். இரண்டும் ஒரே நாடாவுக்கோ வட்டுக்கோ போட்டியிடும். இதைத் தவிர்க்க, வேலை தொடங்கும்போது ஒரு பூட்டுக் கோப்பை வைத்து, அது இருக்கும்வரை அடுத்ததைத் தடுக்கும் வழக்கம் நிர்வாகிகளிடையே வந்தது.

இன்னொரு பழைய தொல்லையும் உண்டு. கையால் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்யும் ஸ்கிரிப்ட், கிரானில் போட்டதும் நின்றுவிடும். பயனர் உள்நுழையும்போது கிடைக்கும் சூழல் அமைப்புகள் கிரானுக்குக் கிடைப்பதில்லை. விக்ஸி கிரான் இயல்பாகக் கட்டளைகளைத் தேடுவது இரண்டே அடைவுகளில். வேறிடத்தில் நிறுவிய நிரல் அதன் கண்ணுக்குத் தெரியாது. கட்டளைகளின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இந்தக் காரணம் பிடிபடும்வரை பல இரவுகளின் பேக்கப் காணாமல் போயிருக்கும்.

வேலை எதையாவது அச்சிட்டால் அதை உரியவருக்கு மின்னஞ்சலாக கிரான் அனுப்பிவிடும். தோல்வியை அறிய இருந்த முதன்மையான வழி அதுவே. அந்த மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி பின்னாளில் பெரிதாக எழுந்தது.

மேரிலாந்தின் மாலை 4 மணி

1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகத்தில் ஜேம்ஸ் டா சில்வாவும் ஓலஃபுர் குட்முண்ட்ஸனும் உருவாக்கிய ‘அமாண்டா’ இரண்டு முக்கியத் திருப்பங்களைக் கொண்டுவந்தது. அப்போது 8 மில்லிமீட்டர் எக்ஸாபைட் நாடா ஒன்றில் 2 கிகாபைட்டுக்கு மேல் அடங்கியது. துறையின் கணினிகள் பலவற்றுக்கு ஒரே நாடா போதும் என்ற நிலை. பல கணினிகளின் தரவை ஒரே நேரத்தில் ஓர் இடைநிலை வட்டில் வாங்கிவைத்து, அங்கிருந்து தடையில்லாமல் நாடாவுக்கு அனுப்பியது அமாண்டா. நெட்வொர்க்கின் மந்தத்தால் நாடா நின்று நின்று பின்னோக்கி ஓடுவது குறைந்தது.

முதல் திருப்பம் திட்டமிடலில் நிகழ்ந்தது. எந்த இரவில் முழு பேக்கப், எந்த இரவில் மாற்றங்கள் மட்டும் என்பதை நிர்வாகி எழுத வேண்டியதில்லை. இத்தனை நாளுக்கு ஒருமுறையாவது முழு நகல் வேண்டும் என்று சொன்னால் போதும். ஒவ்வொரு இரவும் கணினிகளிடம் அளவு மதிப்பீட்டைக் கேட்டு, நாடாவின் கொள்ளளவுக்குள் அடங்கும்படி நிலைகளை நிரலே பிரித்துக்கொண்டது.

இரண்டாவது திருப்பம் இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. அமாண்டாவின் ஆவணங்கள் காட்டும் மாதிரி அட்டவணையில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, நள்ளிரவு 12.45-க்கு பேக்கப்பை ஓட்டுகிறது. மற்றொன்று மாலை 4 மணிக்கே ஓடிச் சோதிக்கிறது: சரியான நாடா இயக்கியில் இருக்கிறதா, இடைநிலை வட்டில் இடம் இருக்கிறதா, கணினிகள் பதில் சொல்கின்றனவா. குறை இருந்தால் மின்னஞ்சல் வரும், அலுவலகத்தில் ஆள் இருக்கும் நேரத்திலேயே. நாடா மாற்ற மறந்துவிட்டாலும் இரவு வீணாவதில்லை. தரவு இடைநிலை வட்டில் காத்திருக்கும், மறுநாள் நாடாவுக்குத் தள்ளிவிடலாம். காலை அறிக்கையின் தலைப்பகுதியில் தோல்விகள் நின்றன. வழக்கமான செய்திகளின் பட்டியலில் இல்லாத ஒரு வரி வந்தால்கூட அது தனியே குறித்துக் காட்டப்பட்டது.

2000-இல் கெர்ன் சிபால்ட் தொடங்கிய ‘பாக்குலா’ இதே எண்ணத்தை விதிகளாக்கியது. அதன் மாதிரி அமைப்பில் மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 11.05-க்கு முழு பேக்கப், மற்ற ஞாயிறுகளில் கடைசி முழு நகலுக்குப் பிந்திய மாற்றங்கள், மற்ற நாட்களில் அன்றாட மாற்றங்கள். எத்தனை நேரம் காத்திருக்கலாம், எத்தனை நேரம் ஓடலாம், தோற்றால் மறுபடி முயல வேண்டுமா, அதே வேலை இரட்டிப்பாக ஓடலாமா என்பதையெல்லாம் வேலையின் வரையறையிலேயே எழுதிவிடலாம். கிரான் கவலைப்படாத கேள்விகள் இங்கே அட்டவணையின் அங்கமாயின.

போய்ச் சேராத மின்னஞ்சல்

கருவிகள் முதிர்ந்த பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரு தவறான அழிப்புக் கட்டளையால் மறையத் தொடங்கின. பேக்கப்பை எடுக்கப் போனபோதுதான், சுமார் ஒரு மாதமாக அது சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது, வீட்டிலிருந்து வேலை செய்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த நகல்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை அழித்தார். அன்றாட பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்க கிரான் மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. ஆனால், அந்த மின்னஞ்சல்களில் உரிய கையொப்பம் இல்லாததால், மோசடி அஞ்சலைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி பெறும் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்த வட்டுப் பிரதி ஒன்றுதான் உதவியது. இடைப்பட்ட நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

நிரல் தோற்றதும் அதைச் சொல்ல முயன்றதும் ஒழுங்காகவே நடந்தன. சொல்லும் வழி அடைபட்டிருந்ததை யாரும் சோதிக்கவில்லை. ஒழுங்காக நடந்தால் செய்தி வராது, தவறினால் வரும் என்ற பழைய ஏற்பாட்டில், செய்தி வராத நாட்கள் எல்லாம் நல்ல நாட்களாகவே தெரிந்தன. இதை மாற்ற, வெற்றிச் செய்தி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் எச்சரிக்கும் கண்காணிப்பு முறை பரவிவருகிறது.

பேக்கப்பே அழித்தபோது

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் நடந்தது வேறு வகை. அங்கே பத்து நாளுக்கு மேல் பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் கட்டளை பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்குள் இருந்தது. கணினியை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனத்தின் ஜப்பானியப் பிரிவு அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மீது எழுதிவிட்டது. ஸ்கிரிப்ட்டை இயக்கும் ‘பாஷ்’ நிரல், அதை ஓடும்போதே சிறிது சிறிதாகப் படிக்கும் தன்மை கொண்டது. நடுவழியில் புதிய வரிகளைப் படித்தது. அடைவின் பெயரைத் தாங்கியிருக்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்ததால், நீக்கும் கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகள் மேல் பாய்ந்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன; அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க வழியில்லை.

விபத்துக்குப் பின் பல்கலைக்கழகம் அந்த பேக்கப் பணியை நிறுத்திவைத்தது. மூலத்தை அப்படியே பிரதிபலிக்கும் நகலோடு, மாற்றங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியே சேமிக்கும் அதிகரிப்பு முறை பேக்கப்பையும் சேர்த்து மறுபடி தொடங்கப்போவதாக அறிவித்தது. கிட்லேப் வேறு வழியில் சென்றது. எடுத்த பேக்கப்பைத் தானாகவே மீட்டெடுத்துச் சோதிக்கும் ஏற்பாட்டையும், பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதையும் தன் சீர்திருத்தப் பட்டியலில் சேர்த்தது. நகல் எடுப்பதற்கு மட்டும் இருந்த அட்டவணையில், அதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் இப்போது ஒரு நேரம் ஒதுக்கப்படுகிறது.