எரிந்த சுருளும் எழுதிய கையும்



கிறிஸ்துவைப் பரிகசிக்கும் காணொளி ஒன்று சென்ற வாரம் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நாம் எல்லாரும் சேர்ந்து புகார் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள், ஐயா. ஆராதனையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று வாலிபர் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுடைய வேதனை எனக்கும் உண்டு. ஆயினும் பதில் கூறுமுன், நம் கொங்கு மண்ணில் நடந்த ஒரு வரலாற்றை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத கணவன் மனைவியின் துயரத்தைத் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பின்னணியில் சொல்லும் நாவல் அது. நான்கு ஆண்டுகள் எந்தச் சலனமும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின், 2014 டிசம்பரில் எதிர்ப்பு மூண்டது. தங்கள் கோயிலும் தங்கள் குலப் பெண்களும் இழிவுபடுத்தப்பட்டதாகப் பலர் உள்ளபடியே மனம் புண்பட்டார்கள். ஆனால் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பரப்பியபோது, முழு நூலையும் வாசித்தவர்கள் எத்தனை பேர்? பிரதிகள் எரிக்கப்பட்டன, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில், எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். பின்னர் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய அமர்வு, அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை வாசிக்காமல் வைத்துவிடலாம் என்றும், அந்த எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றும் கூறியது.

இது வேதம் அறிந்த நமக்குப் புதிதன்று. எரேமியா 36ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோயாக்கீம் ராஜா குளிர்கால அரண்மனையில் கணப்பின் முன் அமர்ந்து, தன்னைக் கடிந்துகொண்ட சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். மீண்டும் எழுது என்றார் கர்த்தர். எரேமியா சொல்ல, பாருக்கு எழுதினான். இரண்டாம் சுருள் முந்தினதைவிடப் பெரிதாயிற்று.

நாமோ நம்மை எப்போதும் எரேமியாவின் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறோம். 2006ஐ நினைத்துப் பாருங்கள். 'தி டாவின்சி கோட்' திரைப்படத்தைத் தடைசெய்யும்படி குரல் எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்களே. தமிழக அரசு தடை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. படம் வந்தது, போனது. திருச்சபை அசையவில்லை. அன்று சூரிக்கத்தி இருந்தது நம் கையில்.

அப்படியானால் எதையும் நீக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு விதித்தது. அதை யார் குறை சொல்ல முடியும்? பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது தேவன் நமக்கு இட்ட கட்டளை.

ஆகவே என் பதில் இதுதான். ஒரு சொல் என் அயலானின் உயிருக்கும் நற்பெயருக்கும் பொய்யால் கேடு செய்யுமானால், தயங்காமல் புகார் கொடுங்கள். அது கிறிஸ்தவரைப் பற்றிய பொய்யானாலும், நம்மை எதிர்ப்பவரைப் பற்றிய பொய்யானாலும் ஒன்றே. ஒரு சொல் என் மனதை மட்டும் புண்படுத்துமானால், அதற்குப் பதில் சொல்லுங்கள், அல்லது கடந்து செல்லுங்கள். சிலுவையின் கீழ் நின்று பரிகசித்தவர்களின் வாயை நம் ஆண்டவர் அடைக்கவில்லை. மன்னிக்கும்படி பிதாவிடம் வேண்டினார்.

அந்தக் காணொளிக்கு எதிராக நான் புகார் கொடுக்கவில்லை. ஆனால் அதே நாளில், வேறொரு சமூகத்தாரைப் பற்றி ஆதாரமின்றி நம் குழுவில் வந்த செய்தியை நீக்கினேன். முதலாவதைக் குறித்துப் பலர் என்னிடம் கேட்டீர்கள். இரண்டாவதைக் குறித்து ஒருவரும் கேட்கவில்லை. இந்த வாரம் ஜெபத்தில் இதைச் சிந்தியுங்கள்.

கர்த்தர் நம் நாவையும் விரல்களையும் காப்பாராக. ஆமென்.