பெட்ரோல் டாங்கியைக் கழற்றுகிறீர்களா? காலி டாங்கியில்தான் ஆபத்து அதிகம்

ஈப்போவிலும், முன்பு ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கஞ்சில் போன்ற பழைய கார்களை இன்றும் பார்க்கலாம். மழையும் சேறும் பட்டு, இத்தகைய கார்களின் பெட்ரோல் டாங்கி துருப்பிடித்து ஒழுகத் தொடங்கும். செலவை மிச்சப்படுத்த வீட்டு முன்புறத்திலேயே அதைக் கழற்ற நினைப்பவர்கள் முதலில் ஒன்றை அறிய வேண்டும்.

எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு ஆவி கலந்தாலே தீப்பற்றும். காலி செய்த டாங்கிக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால், நிரம்பிய டாங்கியைவிட அதுவே ஆபத்தானது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, சாக்கடை வழியாகச் சென்று, தள்ளியிருக்கும் அடுப்பிலோ சாமி விளக்கிலோ கொசுவர்த்தியிலோ பற்றிக்கொள்ளும்.

கழற்றும்போது

1. பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், திறந்தவெளியில், சமதளத்தில், சாக்கடைக்கு அருகில் இல்லாமல் காரை நிறுத்துங்கள். 20 லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய 15 கிலோ எடை.

2. இன்ஜெக்‌ஷன் காரில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள். குழாயின் அழுத்தம் குறையும். இன்ஜின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அதன்பிறகே டாங்கி மூடியைத் திறக்க வேண்டும்.

3. மீதிப் பெட்ரோலைக் கைப்பம்பால், தரையில் வைத்த பெட்ரோல் கேனில் இறக்குங்கள். வாயால் உறிஞ்சக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

4. காரை ஜாக்கியால் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் நொறுங்கிவிடும்.

5. டாங்கிக்கு அடியில் பலகை வைத்து, இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு பட்டைகளைத் தளர்த்துங்கள். சற்று இறக்கியதும் மேலே உள்ள குழாய்களையும் ஒயர்களையும் அடையாளமிட்டுக் கழற்றுங்கள். வெளிச்சத்திற்கு மூடிய எல்இடி டார்ச் மட்டுமே. மின்சார டிரில் கூடாது.

ஓட்டையை நீங்களே வெல்டிங் செய்யாதீர்கள். தண்ணீரில் கழுவினாலும் துரு இடுக்கிலும் மடிப்பிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூட்டில் மீண்டும் ஆவியாகும். பழைய உதிரிபாகக் கடையில் நல்ல டாங்கி வாங்குவதே பாதுகாப்பு.

பொருத்தும்போது

பெட்ரோலுக்கென்றே செய்த புதிய ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், பம்ப் மூடிக்குப் புதிய சீல் ஆகியவற்றைப் போடுங்கள். காற்றுக்குழாய் மடிந்திருக்கக் கூடாது. பேட்டரியைக் கடைசியில் இணையுங்கள். 5 லிட்டர் ஊற்றி, இன்ஜெக்‌ஷன் காரில் இன்ஜினை இயக்காமல் சாவியை இரண்டு மூன்று முறை 'ஆன்' செய்து ஒழுகலைப் பாருங்கள். பின்னர் டாங்கியை நிரப்பி மீண்டும் பாருங்கள். மேற்பக்க ஒழுகல் அப்போதுதான் தெரியும்.

பவுடர் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். தீ கைமீறினால் விலகி ஓடி, 999-ஐ அழையுங்கள். இவற்றில் ஒன்றுக்கு வசதி இல்லையென்றாலும், வேலையைப் பட்டறையிடம் விடுங்கள்.