பெயரில்லாத ஐந்து முகங்கள்



கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு நம்மில் பலர் சென்றிருக்கிறோம். அங்கே வாழும் மலையாளி இன மக்களை "மலைக்காரர்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இப்பழக்கம் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். அவர்களுடைய சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளுக்கும் அதில் ஒரு தலைப்பு உண்டு. முகத்தை ஆராய்ந்தால் மனிதனை வகைப்படுத்திவிடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கை பிரான்சு தேசத்தில் ஓர் ஓவியரிடம் தடுமாறியது. அவர் தியோடோர் ஜெரிகோ. 1819-இல் 'மெடூசாவின் தெப்பம்' என்னும் பெரும் ஓவியத்தால் புகழ்பெற்றவர். பின்பு, 1820-களின் தொடக்கத்தில், மனநோயாளிகள் சிலரை வரைந்தார். மருத்துவர் ழோர்ழேயின் பொருட்டு வரைந்தார் என்பர். 1824-இல், முப்பத்திரண்டாம் வயதில், ஜெரிகோ மரித்தார். 1863-இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் அவ்வோவியங்களில் ஐந்து கண்டெடுக்கப்பட்டன.

பொறாமை, சூதாட்டம், திருட்டு, பிள்ளை கடத்தல், படைத்தலைவன் என்ற மயக்கம்: இவையே அவற்றின் தலைப்புகள். ஆனால் படத்தைப் பாருங்கள். விலங்கில்லை, கம்பியில்லை, கதறலுமில்லை. லியோன் நகரில் இருப்பது வெள்ளைத் தொப்பியணிந்த ஒரு முதியவளின் முகம். இமையோரங்கள் சிவந்திருக்கின்றன, பார்வை நம்மைத் தவிர்த்து வேறெங்கோ செல்கிறது. தலைப்பை மறைத்துவிட்டால், அது பொறாமையா, துக்கமா, உறக்கமின்மையா என்று நம்மால் சொல்ல முடியாது. நெடுநேரம் பார்த்தால் சங்கடம் உண்டாகிறது. அந்தச் சங்கடம் அவளுடையதன்று, நம்முடையது என்றே நான் எண்ணுகிறேன்.

வீடுகளைச் சந்திக்கும்போது, பின்னறையில் தனியே அமர்ந்திருக்கும் ஒருவரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "இவனுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை, ஐயா" என்று அறிமுகப்படுத்துவார்கள். பெயரை நான்தான் கேட்க வேண்டியிருக்கும். ஒருமுறை கேட்க மறந்து ஜெபித்துவிட்டுத் திரும்பினேன்; அது இன்றும் உறுத்துகிறது. கல்லறைகளில் திரிந்த மனிதனிடம் நம் ஆண்டவர் பெயரைக் கேட்டார் என்பதை மாற்கு எழுதிவைத்திருக்கிறார்.

ஜெரிகோவின் ஐவரிடம் எவரேனும் கேட்டார்களோ இல்லையோ, ஒரு பெயரும் நமக்கு வந்துசேரவில்லை. லியோனிலுள்ள அம்முதியவள் இன்றும் பொறாமைக்காரி என்றே காட்டப்படுகிறாள்.