கறிவேப்பிலையின் குளிர்கால உள்வளர்ப்பு

வெப்பவலயச் செடியான கறிவேப்பிலையை, உறைபனி விழும் நாடுகளில் இலையுதிர் காலத்திலேயே வீட்டுக்குள் எடுத்துக் காக்கும் முறை. இலங்கையில் கண்டியை அடுத்த கலகெதரவில் இதற்குத் தேவையே இல்லை. அங்கே உறைபனி கிடையாது, மரம் ஆண்டு முழுவதும் முற்றத்திலேயே நிற்கும். ஆனால் கலகெதர இருக்கும் அதே மத்திய மாகாணத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சனவரி விடியல்களில் சில நாள் புல்லில் உறைபனி படிவதுண்டு.

கனடாவில், குறிப்பாக ரொறன்ரோ, ஸ்காபரோ தமிழர் வீடுகளில், இது ஆண்டுதோறும் வரும் வேலை. இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசை நெருங்கும்போது பூச்சாடி உள்ளே வரும். அதற்கு முன் இலைகளின் அடிப்புறத்தைக் கழுவி, செதிற்பூச்சியோ சிலந்திப்பேனோ ஒட்டியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சூடேற்றிய வீட்டின் உலர்ந்த காற்றில் சிலந்திப்பேன் விரைந்து பெருகும். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. ஒளி குறைவதால் இலை மஞ்சளாகி உதிர்வது வழக்கம். செடி பட்டுவிட்டதென்று பயந்து தண்ணீரை ஊற்றுவோர் அதிகம். குளிரைவிட அந்தத் தண்ணீரே வேரை அழுகவைத்துச் செடியைக் கொல்கிறது. மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடலாம், பசளை வேண்டாம். மே இறுதியில் சாடியைச் சில நாள் நிழலில் பழக்கி, பிறகே வெயிலுக்கு மாற்றுவர்.